நல்ல சோற்றை விட்டுப் போன புழுக்கள்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, அது வேகும் நேரத்துக்குள் வாசலுக்கும் அடுப்படிக்குமாய் நடந்து தீர்ப்பேன். கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்வரை பொறுக்காமல் எழுந்து கை கழுவியவள் நான். இப்படிப்பட்டவளைக் கட்டிக்கொடுத்து, கப்பல் வந்தால்தான் வெங்காயம், கப்பல் வந்தால்தான் தபால், கப்பல் வந்தால்தான் கொட்டகையில் புதுப்படம் என்று இருந்த ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். அறுபதுகளின் கடைசியில், போர்ட் பிளேரில், காத்திருக்கத் தெரியாதவர்களுக்குப் பிழைப்பு கிடையாது.

என் வீட்டுக்காரருக்குத் துறைமுக ஆபீசில் குமாஸ்தா வேலை. காத்திருப்பதற்கென்றே பிறந்த மனிதர். கப்பல் தாமதம் என்பார்கள், "வரட்டும்" என்பார். குவார்ட்டர்ஸ் இன்னும் ஒதுக்கவில்லை என்பார்கள், "கொடுப்பாங்க" என்பார். அது கிடைக்கிறவரை அபர்டீன் பஜாருக்கு மேலே மேட்டில் ஒரு மரவீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். பலகைச் சுவர், தகரக் கூரை. மறுபாதியில், பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராமநாதபுரத்துக்காரர் குடும்பம். அந்த வீட்டம்மாவை நான் லாத்தா என்று கூப்பிடுவேன். அவர்கள் பேச்சில் அக்காவுக்கு அதுதான் சொல். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. பலகைச் சுவரில் ஒரு விரிசல் உண்டு. நான் இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கத்திலிருந்து "என்ன புள்ள?" என்று குரல் வரும்.

நான் விலங்கியல் படித்தவள். வீட்டில் சும்மா இருந்தால் சுவரைப் பிராண்டிவிடுவேன் என்று பயந்து, என் வீட்டுக்காரரே அலைந்து, ஊருக்கு வெளியே ஒரு சின்ன விவசாய ஆய்வுக்கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை பிடித்துக்கொடுத்தார். இரண்டே அறை. குடியேறியவர்களின் பாக்குத் தோப்புகளில் வேரைக் குத்தும் புழுக்கள் உண்டா என்று பார்ப்பது அங்கே வேலை. சௌல்தாரித் தோப்புகளிலிருந்து சாக்கில் மண் வரும். மண்ணை மெல்லிய துணியில் கட்டித் தண்ணீர் நிறைத்த புனலில் வைத்தால், அதிலுள்ள நூல்புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கிவிடும். வெறும் கண்ணுக்குத் தண்ணீர் லேசாகக் கலங்கியதுபோல் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் அவ்வளவும் உயிர் என்று தெரியும்.

எங்கள் ஆபீசர் வங்காளி. எங்கள் இருவருக்கும் பொதுவானது தீவின் ஹிந்திதான். அவருடைய ஹிந்தியில் வங்காளம் வழியும், என் ஹிந்தியில் திருநெல்வேலி வழியும். அவருக்கு வேரைக் குத்துகிற புழுக்களே முக்கியம். மண்ணில் கிருமிகளைத் தின்றுகொண்டு யாருக்கும் கெடுதல் செய்யாமல் திரியும் புழுக்களும் கூடவே விழும். அவற்றைக் கொட்டிவிடச் சொல்வார். நான் கொட்டவில்லை. கண்ணாடித் தட்டில் கடல்பாசியை உறையவைத்து, நடுவில் ஒரு வெள்ளைக் கிருமியைத் திட்டாக வளர்த்து, அதில் அவற்றை விட்டேன். நோன்பு மாதத்தில் லாத்தா பாலும் சீனியும் சேர்த்துக் கிண்ணத்தில் உறையவைத்துத் தருவாரே, அதே கடல்பாசிதான். குளத்தில் எருமை கிடப்பதுபோல் புழுக்கள் அந்த வெள்ளைத் திட்டில் கிடந்தன. தின்றன, முட்டையிட்டன, பெருகின. வெளியே தலைகாட்டவே மாட்டா. எனக்கு அவற்றைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

அந்த ஊரில் கப்பலை வழியனுப்புவது ஒரு பொழுதுபோக்கு. தெரிந்தவர் யாரும் போகாவிட்டாலும் ஜெட்டிக்குப் போய்க் கை காட்டிவிட்டு வருவோம். அப்படி ஒருநாள் சாயங்காலம் மெட்ராஸ் கப்பலுக்கு நான் கை காட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் தந்தி வந்தது. அம்மா போய்விட்டாள்.

நான் ஏறிப் போயிருக்க வேண்டிய கப்பலுக்குத்தான் முந்தின நாள் கை காட்டி அனுப்பிவைத்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

பிளேன் என்பது பெரிய அதிகாரிகளுக்கு. என் வீட்டுக்காரர் தந்தியை இரண்டு தடவை படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அடுத்த கப்பல் என்னைக்குன்னு தெரியாது. நீ போய் எறங்குததுக்குள்ள பதினாறும் முடிஞ்சிரும். இங்க எல்லாரும் செய்ததைத்தான் நாமளும் செய்யணும். தலைக்கு ஊத்திக்கோ."

இங்கே எல்லாரும் செய்தது என்ன என்றால், தந்தியைப் படித்ததும் கட்டின சேலையோடு ஒரு முழுக்கு. கடல் கடந்து வந்த தீட்டு அத்தோடு போயிற்று. விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். மெயின்லேண்டில் ஒவ்வொருவருக்கும் யாராவது செத்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஒவ்வொரு சாவுக்கும் கப்பல் ஏற முடியுமா? யாரோ எப்போதோ கண்டுபிடித்த அந்தச் சுருக்கவழியைத் தமிழர்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். நானும் தகரக் கூரையிலிருந்து கொட்டிய மழைத் தண்ணீரை வாளியில் பிடித்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன். மத்தியானம் சோறு வடித்தேன். மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் புனல் கழுவினேன். லாத்தா அப்போது தம்பி வீட்டு விசேஷத்துக்கு வேறு தீவில் இருந்த ரங்கத்துக்குப் போயிருந்தார். ஆபீசரிடம் சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அங்கே எதுவுமே நடக்கவில்லை. பாடையில்லை, ஆளில்லை, அழுகிற குரல் இல்லை. எனக்கும் அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

பஜாரில் ஒரு தச்சரிடம் அம்மாவுக்கென்று படாக் மரத்தில் ஒரு வெற்றிலைப் பெட்டி சொல்லிவைத்திருந்தேன். அந்த வாரமே அவர் அதை முடித்து வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். சிவந்த மரம், நல்ல இழைப்பு. வாங்கி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் சோறு நாற ஆரம்பித்தது.

ரேஷன் அரிசி எப்போதும் கொஞ்சம் மக்கிய வாடை அடிக்கும். கப்பல் அடித்தளத்தில் கிடந்து, கிடங்கில் கிடந்து வருகிற அரிசி. அதுவரை அதைத்தான் தின்றுகொண்டிருந்தேன். இப்போது உலை கொதிக்கும்போதே குமட்டியது. ஒரு கவளம் வாயில் வைத்தால் தொண்டை மூடிக்கொண்டது. மீனைப் பார்த்தால் அதற்கு மேல். சாப்பிடாமலேயே ஆய்வுக்கூடத்துக்கு நடந்தேன், சாயங்காலம் ஜெட்டிவரை நடந்தேன், வெறும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி மேடேறினேன். உடம்பு தேங்காய் நாராகிவிட்டது.

"ஏட்டி, என்னத்துக்கு இப்படி அலையுத? கொஞ்சம் உக்காரேன்" என்பார் என் வீட்டுக்காரர்.

"உக்காந்தா மட்டும்?" என்பேன்.

ரங்கத்திலிருந்து திரும்பிய லாத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். கண்ணில் ஒரு சிரிப்பு. "என்ன புள்ள, சோறு எறங்கலையாமே. மாங்கா வாங்கியாரச் சொல்லட்டா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல லாத்தா."

"எல்லாவளும் மொதல்ல அப்புடித்தான் சொல்லுவாளுக" என்று சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த விரிசலில் துணியை அடைத்தேன். அது பிள்ளை உண்டான மசக்கை இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்த ஊர் தண்ணீரும் இந்த ஊர் அரிசியும் எனக்கு விஷம். இங்கே இருந்தால் நான் உருப்படமாட்டேன். அவ்வளவுதான் என் கணக்கு.

அதற்குச் சாட்சியும் வந்து சேர்ந்தது. நான் சாப்பிடாததால் பானையில் சோறு மிஞ்சும். மழைக்காலம், ஒரு தடவை தண்ணீர் ஊற்றிவைக்க மறந்து, மூடியபடியே இரண்டு நாள் கிடந்துவிட்டது. லாத்தா ஏதோ கொடுக்க வந்தவர் மூடியைத் திறந்து அலறினார். சோற்றின் மேல் அங்கங்கே ரத்தச் சொட்டுகள். சின்னச் சின்னதாய், ஈரமாய், பளபளவென்று.

"யா அல்லா! யாரோ என்னமோ செஞ்சு வச்சிருக்காங்க புள்ள. தொடாத, தொடாத!"

எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. சந்தோஷமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சோற்றை வாழையிலையில் பொதிந்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போனேன். ஆபீசர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யே தோ கீடாணு ஹை" என்றார். வெறும் கிருமிதானாம். ஈரக்காற்றில் சோற்றிலும் ரொட்டியிலும் வரும், சிவப்பு நிறம் அதன் சொந்தச் சரக்கு, கொட்டிவிட்டுப் பானையைக் கழுவு என்றார். நான் கொட்டவில்லை. நான்தான் எதையுமே கொட்டாதவள் ஆயிற்றே.

ஒரு தட்டின் ஒரு பக்கம் வழக்கமான வெள்ளைக் கிருமி, மறுபக்கம் என் வீட்டுச் சிவப்புக் கிருமி. நடுவில் புழுக்களை விட்டேன். மானங்கெட்ட ஜென்மங்கள், முதலில் சிவப்பைத் தேடித்தான் ஓடின. வெள்ளையைச் சீண்டக்கூட இல்லை. எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் கதை மாறியிருந்தது. சிவப்புத் திட்டுக்குள் சில புழுக்கள் விறைத்துக் கிடந்தன. மற்றவை எல்லாம் வெளியேறி, தட்டைச் சுற்றி வெள்ளைக்கு வந்து சேர்ந்திருந்தன. ஈரப் பரப்பில் அவை போன தடம் சைக்கிள் டயர் போன மண்போல் வளைந்து வளைந்து தெரிந்தது. பிழைத்தவற்றை எடுத்துப் புதுத் தட்டில் விட்டேன். இந்தத் தடவை சிவப்பின் பக்கமே போகவில்லை. தூரத்தில் வாடை பட்டதுமே தலையைத் திருப்பிக்கொண்டன. இத்தனைக்கும் தலை என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. இத்துனூண்டு நரம்பு முடிச்சு. அதற்குள் ஒரு தடவை பட்ட பாட்டை எங்கே எழுதி வைத்துக்கொண்டதோ.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாய் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "புழுவுக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலை. நான் அடுத்த கப்பல்ல போறேன். போனா திரும்பி வரமாட்டேன். உங்களுக்கு மாத்தல் கிடைச்சா அங்க வந்து சேருங்க."

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "ஒம் புழு அந்தச் செவப்பைத்தானே வேண்டாங்கு? வெள்ளையைத் திங்குதுல்லா?"

நான் தட்டு டம்ளரை எல்லாம் சத்தமாகக் கழுவினேன். அவர் மறுநாள் ஆபீசில் சொல்லி என் பெயருக்குக் கப்பல் டிக்கெட் பதிவு செய்துவிட்டு வந்தார். என்னைப் போகாதே என்று அவர் சொல்லாததும் எனக்குக் கோபம்தான்.

அந்த வாரம் மழை விடவேயில்லை. ஆய்வுக்கூடத்தில் தோல்பை, செருப்பு, மேசை என்று எல்லாவற்றிலும் பூஞ்சை. என் தட்டுகளிலும் பச்சையாய்ப் பஞ்சு முளைத்துப் புழுக்களை மூடியது. ஆபீசர் அலமாரியிலிருந்து ஒரு பூஞ்சை மருந்தை எடுத்துக்கொடுத்து, கடல்பாசி ஆறி உறைவதற்கு முன் இதில் துளி கலந்துகொள் என்றார். கலந்தேன். பூஞ்சை நின்றது. தட்டு கண்ணாடிபோல் சுத்தமாக இருந்தது. நடுவில் புது வெள்ளைக் கிருமி, செழிப்பாக, மணக்க மணக்க.

புழுக்கள் அதை விட்டுவிட்டுப் போய்விட்டன.

நான் முதலில் நம்பவில்லை. சிவப்பு ஏதாவது கலந்துவிட்டதா என்று பார்த்தேன், இல்லை. வேறு தட்டில் புது வெள்ளையை வளர்த்து விட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் தின்றன, பிறகு இறங்கின. சிவப்பை விட்டவை வெள்ளைக்காவது போயின. இவற்றுக்குப் போக இடமே இல்லை. தட்டின் ஓரம்வரை போயின, திரும்பின, மறுபடி போயின. சில கண்ணாடிச் சுவரில் ஏறிக் காய்ந்து ஒட்டிக்கொண்டன. ஓரிடத்தில் ஒன்றும் நிற்கவில்லை. ஆபீசர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "கீடா பாகல் ஹோ கயா" என்றார். புழுவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாம். அதோடு விட்டாரா? "பில்குல் ஆப் ஜைசா" என்று வேறு சேர்த்துக்கொண்டார். அச்சு அசல் உங்களைப் போலவே என்று.

வீட்டில் நான் ஜெயித்த மாதிரி சொன்னேன்: "இப்ப வெள்ளையையும் திங்கலை. போதுமா?" அவர் பாயை விரித்தார்.

ஆனால் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நல்ல தீனி, தானே தின்று வளர்ந்த தீனி. அதை ஏன் விட வேண்டும்? மருந்து கலக்காத பழைய முறையில் ஒரு தட்டும், மருந்து கலந்து ஒரு தட்டும் வைத்தேன். ஒரே வெள்ளைக் கிருமி, ஒரே கூட்டத்துப் புழுக்கள். மருந்தில்லாத தட்டில் பூஞ்சை வந்து மூடும்வரை அவை தீனியை விட்டு அசையவில்லை. மருந்துத் தட்டில் ஓடின. ஆக, தீனியில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் மருந்தில். சரி, மருந்து பிடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மருந்து தட்டு முழுக்க அல்லவா இருக்கிறது? திட்டின் மேலும் அதே மருந்து, ஓரத்திலும் அதே மருந்து. தீனியை விட்டு ஓடினால் மருந்து விட்டுவிடுமா? பிறகு தீனியின் மேல் என்ன கோபம்?

ஆபீசரிடம் கேட்டேன். தோளைக் குலுக்கினார். அன்றைக்கு அது யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்கு விடை கிடைக்கத் தலை முழுக்க நரைக்க வேண்டியிருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து, ஒரு பத்திரிகைக் கட்டுரையில் என் புழுக்களைப் பற்றிப் படித்தேன். மண்ணில் கிருமிகள் ஆயிரம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விஷம் காய்ச்சும். அத்தனை விஷத்தின் முகத்தையும் ஒரு புழு தெரிந்துவைத்திருக்க முடியாது. அதனால் அது விஷத்தையே தேடுவதில்லை. தன் உடம்புக்குள் ஒவ்வொரு உயிரணுவிலும் ஓயாமல் நடக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு, புரதம் கட்டுகிற வேலை. பல விஷங்கள் கை வைப்பது அதில்தான். அந்த வேலை நடக்கிறதா என்பதை மட்டும் புழு கவனித்துக்கொண்டே இருக்கும். நின்றுவிட்டால், யாரோ தனக்கு விஷம் வைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளும். விஷமுறிவுச் சரக்கையெல்லாம் அவிழ்த்துவிடும்; காவலை முடுக்கிவிடும்; அந்த நேரத்தில் எதைத் தின்றுகொண்டிருந்ததோ அதை விட்டு விலகிவிடும். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். நான் கலந்த பூஞ்சை மருந்து நிறுத்துவதும் அதே வேலையைத்தான். உள்ளே வேலை நின்றது. வெளியே நல்ல சோற்றின் மேல் பழி விழுந்தது.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது என் சாட்சி கலைந்துபோயிற்று என்பது மட்டும். அரிசிக்கு எதிராகப் புழுக்கள் சொன்ன வாக்குமூலம் செல்லாது. இதை நான் வீட்டில் சொல்லவில்லை. கப்பல் வந்துவிட்டது, டிக்கெட் இருந்தது, எனக்குப் போயாக வேண்டும். எங்கே போகிறேன், போய் யாரோடு இருப்பேன் என்று ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கவில்லை. இங்கே இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

கப்பல் கிளம்புவதற்கு முந்தின மத்தியானம் பெட்டி கட்டினேன். அந்த ஊரில் ஒருவர் மெயின்லேண்ட் போகிறார் என்றால் தெருவே அவர் கையில் சாமான் கொடுத்துவிடும். கருவாடு, சங்கு, தேங்காயெண்ணெய் என்று ஆளுக்கொரு பொட்டலம் வந்துகொண்டிருந்தது. கடைசியாக லாத்தா வந்தார். ஊரில் இருந்த அவருடைய அம்மாவுக்கு ஒரு கைலியும் கொஞ்சம் கிராம்பும் துணியில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். மெட்ராசில் அவருடைய சொந்தக்காரர் வந்து வாங்கிக்கொள்வாராம்.

"எங்க உம்மாவுக்கு இது. நசுங்காம மேல வையி" என்று அவரே டிரங்குப் பெட்டியைத் திறந்து இடம் பார்த்தார். எல்லாவற்றுக்கும் மேலே, புதுத் துண்டில் சுற்றி, நசுங்காமல் ஒன்று ஏற்கெனவே இருந்தது. துண்டை விலக்கினார். படாக் பெட்டி மின்னியது.

"அடி ஆத்தி, என்னா அளகு! வெத்தலப் பெட்டியா? யாருக்கு, ஒங்க அம்மாவுக்கா?"

"ஆமா" என்றேன்.

நான் அப்படித்தான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. சற்று முன்பு அந்தப் பெட்டியை எடுத்து, துடைத்து, புதுத் துண்டு தேடிச் சுற்றி, மேலாக வைத்தது நான்தான்; அதையும் யோசித்துச் செய்யவில்லை. லாத்தா மூடியைத் திறந்து பாக்குக்கு ஒரு அறை, சுண்ணாம்புக்கு ஒரு அறை என்று பார்த்துக்கொண்டே, "வெத்தல நெறையாப் போடுவாங்களோ?" என்றார்.

"போடுவா. வாய் செவசெவன்னு இருக்கும்." அதற்குப் பிறகு என் வாயிலிருந்து வந்தது எனக்கே கேட்டது: "அம்மா செத்துப் போயிட்டா லாத்தா."

அவருக்கு விளங்கவில்லை. "என்ன புள்ள சொல்ற? எப்ப? இப்பத் தந்தி வந்துச்சா?"

"நீங்க ரங்கத் போயிருந்தப்ப."

லாத்தா பெட்டியை மூடிக் கீழே வைத்தார். வாய்க்குள் ஏதோ ஓதினார். பிறகு அவருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "பலகைக்கு அந்தாண்ட ஒரு மனுசி இருக்கேனே, நான் என்ன மரமா? பெத்த தாய் மவுத்தா போயிருக்காங்க, எங்கிட்டச் சொல்லாம அடுப்பு மூட்டிச் சோறாக்கிக்கிட்டு இருந்திருக்கே! நான் வேற மாங்கா வாங்கியாரட்டாண்ணு பல்ல இளிச்சேனே! மவுத்து வீட்டுல அடுப்பு எரியலாமா புள்ள? ஒனக்கு யாரு சோறு தந்தா?"

"நான்தான் ஆக்குனேன்."

"பெறகு எப்புடி எறங்கும்?" என்று கேட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய், எரிந்துகொண்டிருந்த விறகை இழுத்துப் போட்டுத் தண்ணீரை ஊற்றினார். புஸ்ஸென்று புகை கிளம்பி வீடு முழுவதும் சாம்பல் வாடை. அந்த வாடைதான் என்னை உடைத்தது. அம்மாவின் அடுப்படி வாடை அது. நான் டிரங்குப் பெட்டியில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். லாத்தாவும் என் பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்தேயிராத ஒருத்திக்காக அழுதார். ஆபீசிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். எப்போதும் காத்திருக்கிற மனிதர், அன்றைக்கும் அப்படியே நின்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

மறுநாள் கப்பல் கிளம்பியது. நான் ஏறவில்லை. ஏற வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எழுந்து நிற்க முடியாமல் அழுதுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். பொட்டலங்களை வேறொருவர் கையில் கொடுத்துவிட என் வீட்டுக்காரர் வந்து கேட்டபோது, படாக் பெட்டியையும் எடுத்துக்கொடுத்தேன். "லாத்தா உம்மாவுக்கு" என்றேன். கப்பலின் ஊதல் மேட்டுவரை கேட்டது. நான் வழியனுப்பப் போகாத முதல் கப்பல் அதுதான்.

மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. லாத்தா வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்து முன்னால் உட்கார்ந்தார். முதல் நாள் இரண்டு வாய். மறுநாள் அரைத் தட்டு. மூன்றாம் நாள் மத்தியானம் சோறும் பருப்பும் ஒரு துண்டு கருவாடும். அம்மா என்னை எதற்கெல்லாம் அடிப்பாள் என்று லாத்தாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். தட்டு காலியானதை நான் பார்க்கவேயில்லை. அவர்தான் பார்த்து இன்னொரு கரண்டி போட்டார்.

"இந்தச் சோறு நாறவே இல்ல லாத்தா" என்றேன். "உங்க கடை வழியா வர்ற அரிசியா? எங்க கெடைக்கும்?"

லாத்தா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டார். "எங்க சாக்கு போன வாரமே காலி புள்ள. ஒங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லி ஒங்க சாக்குலேர்ந்துதான் அள்ளியாந்து ஆக்குறேன், மூணு நாளா. அடுப்பு மட்டுந்தான் எங்களுது."

நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.